ஞாயிறு சந்திப்பு: தங்கையின் வெள்ள எச்சரிக்கைக் கருவி

அனைவருக்கும் வணக்கம்.

நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் மின்னணுவியல் முதலாமாண்டு சேர்ந்திருக்கும் நம் சுங்கை சிப்புட் தோட்டத்துத் தங்கை விடுமுறைக்கு வந்திருக்கிறார். கீழ் லயத்து ஓடையில் நீர் ஏறினால் கைப்பேசிக்குச் சேதி அனுப்பும் கருவி ஒன்று செய்திருக்கிறார். காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நீர்மேல் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடுகிறது. மைலோ டின்னுக்குள் அடக்கி ரப்பர் பட்டையால் கட்டியிருக்கிறார். நேற்று வாளித் தண்ணீரில் பார்த்தோம். ஒரு குவளை ஊற்றியதுமே எண் மாறியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்து, பழுத்த செம்பனைக் குலையைக் கேமராவில் கண்டறிய ஆசையாம்.

ஞாயிறு காலை 10 மணி, கோவில் மண்டபம்.

1. பழைய மடிக்கணினி, சார்ஜர் இருந்தால் கொண்டு வாருங்கள். பழுதடைந்தவையும் உதவும்.
2. படிவம் 4, 5 பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒதுங்கும் பிள்ளைகளிடம்தான் முதலில் பேச வேண்டும் என்கிறார்.
3. கீழ் லயத்தார், போன வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று அளந்து வாருங்கள். கருவி எந்த மட்டத்தில் எச்சரிக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.
4. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கே பதியுங்கள். பசியாறலுக்குச் சொல்ல வேண்டும்.

செயலாளர்