ஏற்பிகளின் எண்ணிக்கையும் ரத்த அழுத்த மாத்திரைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா வைரஸ் மூச்சுப்பாதையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள எபிதீலிய செல்களுக்குள் நுழையும் விதம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, செல்லின் மேற்பரப்பில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஏசிஇ-2 ஏற்பி கூடினால் நோயும் அதற்கேற்பக் கூடும் என்றும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் அந்த ஏற்பியைக் கூட்டக்கூடும் என்றும் கூறியிருந்தது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் ஆகியவற்றை அன்றாடம் உட்கொள்ளும் வாசகர்களை இந்தக் கூற்று கலங்கவைக்கும் என்பதாலேயே எழுதுகிறேன்.

ஏற்பி, செல்லின் மேல் நிலையாக நிற்கும் பொருள் அல்ல. அது செல்லுக்குள் உருவாகி மேற்பரப்புக்கு வருகிறது. பிறகு உள்ளிழுக்கப்பட்டு மீண்டும் மேலே அனுப்பப்படுகிறது, அல்லது செல்லின் கழிவுச் சிதைப்பு அறையான லைசோசோமில் சிதைக்கப்படுகிறது. கொழுப்பை உள்ளே கொண்டுசெல்லும் எல்டிஎல் ஏற்பி இந்தச் சுற்றை ஏறத்தாழ 10 நிமிடங்களில் முடித்துவிடும். சளிக்குக் காரணமான ரைனோவைரஸ்களில் ஒரு பிரிவு அந்த ஏற்பியுடன் சேர்ந்தே உள்ளே போகிறது. பெரும்பாலான மற்ற ரைனோவைரஸ்கள் பயன்படுத்தும் ஐகேம்-1 ஏற்பியோ, தொற்றுக்குப் பின் மூச்சுப்பாதைச் செல்களில் மேலும் அதிகரிக்கிறது. ஏசிஇ-2 இதற்கு நேர்மாறானது. வைரஸின் மேல் முள்போல் நீட்டி நிற்கும் கூர்ப்புரதம் ஒட்டியதும் வைரஸோடு ஏற்பியும் உள்ளிழுக்கப்படுகிறது. போதாக்குறைக்கு ஏடிஏஎம்-17 என்னும் நொதி அதன் வெளிப்பகுதியை வெட்டிவிடுகிறது. இப்படி மேற்பரப்பில் ஏசிஇ-2 குறையும்போது, அது சிதைக்க வேண்டிய, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின்-2 சிதைக்கப்படாமல் தேங்கி நுரையீரல் பாதிப்பு தீவிரமாகிறது என்பதை, கொரோனா வகையைச் சேர்ந்த சார்ஸ் வைரஸின் கூர்ப்புரதத்தைக் கொண்டு சுண்டெலிகளில் நடந்த ஆய்வு 2005இலேயே காட்டியது. வைரஸ் உள்ளே நுழைய உதவிய அதே ஏற்பி, நுழைந்த பிறகு நுரையீரலைக் காக்கவும் தேவைப்படுகிறது என்பதைக் கட்டுரை கணக்கில் கொள்ளவில்லை. என் பார்வையில் அதன் பெரிய குறை இதுதான்.

மாத்திரைகள் பற்றிய அச்சத்துக்கு, அவை எலிகளின் இதயத்தில் ஏசிஇ-2 உற்பத்தியைக் கூட்டியதாகக் கண்ட ஆய்வுகளும் ஒரு காரணம். இதயத்தில் கண்டதை மனிதரின் மூக்குக்கும் நுரையீரலுக்கும் அப்படியே பொருத்த இயலாது. இதை மனிதர்களிடமே சோதித்தது பிரேசிலில் நடந்த பரிசோதனை. கோவிட் தொற்றுடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில், ஏற்கெனவே இவ்வகை மாத்திரைகளை எடுத்துவந்த 659 பேரில் ஒரு பாதியினருக்கு 30 நாட்கள் மாத்திரை நிறுத்தப்பட்டது. மறு பாதியினர் தொடர்ந்தனர். உயிருடன் மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்களிலோ இறப்பிலோ இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவு 2021 ஜனவரியில் வெளியானது. இம்மாத்திரைகளை நிறுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் 2020 மார்ச்சிலேயே அறிவுறுத்தியிருந்தது.

ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துபவருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் கண்ணெதிரே உள்ள ஆபத்துகள். எனவே, மருத்துவரின் ஆலோசனையின்றி எவரும் இம்மாத்திரைகளை நிறுத்தக் கூடாது என்னும் குறிப்பை, கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில், கண்ணில் படும்படி வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மதுரை.