எலும்பின் வயது 5,011 என்று யார் சோதித்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வட கொரியாவின் டாங்குன் கல்லறை பற்றி வந்ததைப் படித்தேன். கொரியர்களின் முதல் மன்னன் எனப்படும் டாங்குனுடைய எலும்பு கிடைத்துவிட்டது, அதன் வயது 5,011 ஆண்டு என்று அறிவியலே சொல்லிவிட்டது என ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பியோங்யாங் அருகே காங்டாங்கில் இருக்கும் அந்தக் கல்லறையை டாங்குனுடையது என்று மக்கள் சொல்வதாக 1530லேயே ஒரு கொரிய நூலில் எழுதியிருக்கிறார்கள், அதனால் பேச்சு பழசுதான். 1993ல் அரசு அதைத் தோண்டியது. ஓர் ஆண், ஒரு பெண் எலும்புகள் கிடைத்தன, எலும்பில் பதிந்த கதிர்வீச்சின் தடத்தை அளக்கும் எலக்ட்ரான் ஸ்பின் முறையில் காலம் கணித்தோம் என்றார்கள். அடுத்த ஆண்டே 22 மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாகக் கல் அடுக்கிப் பெரிய நினைவிடம் எழும்பியது. ஆண்டைக் குறிக்க 1,994 கற்கள்! ஆனால் அந்த எலும்பை வெளிநாட்டு ஆய்வாளர் யாரிடமும் கொடுத்து இன்னொரு முறை சோதிக்க விடவில்லை.

கல்லறையின் கட்டுமானம் கொகுர்யோ காலத்துப் பாணி என்று வெளியில் உள்ள அறிஞர்கள் சொல்கிறார்கள். கொகுர்யோ கி.மு. முதல் நூற்றாண்டில் தொடங்கி கி.பி. 668ல் முடிந்த அரசு. பழைய கல்லறையை அவர்கள் புதுப்பித்தார்கள் என்பது வட கொரியாவின் பதில். சரி, புதுப்பித்திருக்கலாம், அதற்கு முந்தைய கல்லறை எங்கே? 13ஆம் நூற்றாண்டில் புத்த பிக்கு ஒருவர் எழுதிய சம்குக் யூசாவில் உள்ள கதைப்படி, கரடியாக இருந்து பெண்ணானவளின் மகன் டாங்குன், கடைசியில் மலைத் தெய்வமாகிவிட்டான். தெய்வமாகிப் போனவனுக்கு எலும்பு ஏது? அவன் நாடு அமைத்ததாக மரபில் சொல்லும் ஆண்டு கி.மு. 2333. 5,011 என்ற கணக்கோ அதற்கும் ஏறக்குறைய 700 ஆண்டு முன்னால் போகிறது. கதையோடும் ஒட்டவில்லை, மண்ணோடும் ஒட்டவில்லை.

நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிறு வயதில் எங்கள் அழகன்குளத்து அகழாய்வுக் குழியில் மண் கூடை சுமந்தவன் நான். மண்ணின் நிறம் மாறினால் கூடையை நிறுத்திவிடுவார்கள், எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று சீட்டு எழுதிப் பையில் போட்ட பிறகுதான் அடுத்த மண்வெட்டி விழும். வைகை கடலில் சேரும் இந்த ஊரில் ரோமானியக் காசும் தமிழி எழுதிய பானை ஓடும் கிடைத்தன என்று இன்று யாரிடமும் தைரியமாகச் சொல்கிறோமே, அந்தச் சீட்டு இருப்பதால்தான் சொல்கிறோம்.

நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லை ராமர் வைத்தார் என்று கும்பிடுகிறோம், ராமேஸ்வரத்தில் ஆதமின் பிள்ளைகள் ஆபில் காபில் அடக்கமானதாகச் சொல்லும் தர்காவில் துஆ செய்கிறார்கள், எந்த மதத்துக்காரரும் போய் நிற்கலாம். அங்கே யாரும் ஆய்வுக்கூடச் சான்றிதழை மாட்டி வைக்கவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. டாங்குன் கல்லறையையும் அப்படியே கும்பிட விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ஓர் அரசு தன் தலைநகர்தான் இனத்தின் பிறப்பிடம் என்று காட்ட எலும்புக்கு வயது எழுதிக் கொடுக்கும்போதுதான் பயமாக இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கட்டுரையை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பி, நமக்கும் இதுபோல ஒரு ராஜா எலும்பு கிடைக்காதா என்று கேட்கிறார்கள்.

அந்த எலும்பை யார் சோதித்தார்கள், வேறு யாருக்காவது சோதிக்கக் கொடுத்தார்களா என்ற இரண்டையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். படித்ததும் எங்கள் பிள்ளைகளிடம் நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அழகன்குளம், ராமநாதபுரம் மாவட்டம்.