அரத்தை எடுக்கும் முன்

ஆசிரியருக்கு,

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) பராமரிப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், தோட்டா சிக்கினால், சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) வாய்க்கு முன்னால் இருந்து தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும் சரிவை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். சரிவு, கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய இடம். மவுசர் 98 வகைத் துப்பாக்கிகளில் போல்ட்டின் கீழ்ப் பூட்டுப்பல் (மூடிய போல்ட்டைப் பூட்டி வைக்கும் புடைப்பு) முட்டி நிற்கும் இரும்பு அந்தச் சரிவை ஒட்டித்தான் இருக்கிறது. சுடும்போது பின்னோக்கி வரும் விசையைத் தாங்குவது அந்த இரும்பு. அரத்தால் போனதைத் திரும்ப வைக்க வழியில்லை.

சோதிக்க உயிருள்ள தோட்டா கூடவே கூடாது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, நிஜத் தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மருந்தும், அதைப் பற்றவைக்கத் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரும் இல்லாத டம்மி ஐந்தாறு போதும். ஆனால் அவை நீங்கள் சுடும் தோட்டாவின் நீளமும் முனை வடிவமும் கொண்டவையாக இருக்க வேண்டும். வடிவம் பொருந்தாத பிளாஸ்டிக் டம்மிகள் இல்லாத கோளாறைக் காட்டும், இருப்பதை மறைக்கும்.

போல்ட்டை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வழக்கமான வேகத்திலும் ஓட்டி, தோட்டா எந்த இடத்தில் நிற்கிறது, அது எத்தனையாவது தோட்டா என்று எழுதி வையுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும். கழற்றும் மேகசின் என்றால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். கோளாறு மேகசினோடு சேர்ந்து போனால் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

போல்ட் தோட்டாவை எடுக்காமல் அதன் மேலேயே வழுக்கிப் போகிறதா? கடைசித் தோட்டாவில் மட்டும் என்றால் மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது தோட்டாவைத் தாங்கும் தட்டு எங்காவது உரசலாம். எல்லாத் தோட்டாவிலும் என்றால், மேகசினைத் துப்பாக்கியில் மாட்டி நிறுத்தும் கொக்கி தேய்ந்து மேகசின் சற்றே இறங்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முனை கீழே குத்தி, மேகசினின் முன்சுவரிலோ சரிவின் அடியிலோ முட்டினால், ஸ்பிரிங்கோ தட்டோ முன்பின் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். சுத்தம் செய்துவிட்டுத் திரும்பப் பூட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது. மாறாக, முனை சேம்பரின் மேல்விளிம்பில் இடித்தால், மேகசின் உதடுகள் (தோட்டாவைப் பிடித்து நிற்கும் மேல்விளிம்புகள்) விரிந்து தோட்டாவைச் சீக்கிரமே விட்டுவிடுகின்றன. உதட்டைக் குறடால் வளைக்கலாம்தான். நல்ல மேகசினை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியால் அளந்து, மயிரிழை மயிரிழையாக வளைக்க வேண்டும். ஒரே இடத்தை நாலு முறை முன்னும் பின்னும் வளைத்தால் தகடு விரிசல் விடும். புது மேகசின் வாங்கிவிடுவது நல்லது.

நிலையான மேகசின் பெட்டி உள்ளவற்றில் இன்னொரு காரணம் இருக்கிறது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. துப்பாக்கியின் கட்டையையும் இரும்பு உடலையும் இணைக்கும் திருகுகளை அளவுக்கு மீறி முடுக்கினால், பெட்டி மேலும் கீழும் நெருக்கப்பட்டு வளைகிறது. திருகுகளை முடுக்கிய பிறகும் பெட்டியில் மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும். முடுக்கும் அளவுக்குத் தயாரிப்பாளர் தந்த எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும், கைப்பழக்கத்தை அல்ல.

தோட்டாவையும் அளந்து பாருங்கள். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு அதிகபட்ச மொத்த நீளம் 2.810 அங்குலம், அதாவது 71.37 மில்லிமீட்டர். கையால் நிரப்பிய தோட்டா இதைத் தாண்டினால் பெட்டிக்குள் முனை உரசும். லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் .303, அடியில் வெளியே நீட்டிய விளிம்புள்ள தோட்டா. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் மேலே இருப்பது கீழே இருப்பதையும் இழுக்கப் பார்த்து, இரண்டும் பூட்டிக்கொள்ளும். இதைத் துப்பாக்கியின் பழுது என்று நினைத்துப் பிரிப்பவர்கள் உண்டு.

கையின் தவறும் உண்டு, அதுதான் ஆபத்தானது. ரெமிங்டன் 700 போன்ற தள்ளுவகைத் துப்பாக்கிகளில், போல்ட் மூடும்வரை எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி) தோட்டாவைப் பிடிப்பதில்லை. பாதி தள்ளிவிட்டுப் பின்னுக்கு இழுத்தால் முதல் தோட்டா சேம்பரிலேயே தங்கும். அடுத்ததைத் தள்ளும்போது அதன் கூர்முனை முந்தையதன் பிரைமரில் குத்தும். போல்ட் முட்டி நின்றால் பலம் காட்டாமல் நிறுத்தி, மேகசினைக் காலி செய்து பார்ப்பதே சரி. மவுசர் வகையில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் அகலமான கொக்கி தோட்டா மேகசினை விட்டு எழும்போதே பிடித்துவிடும். ஆனால் தோட்டாவை நேராகச் சேம்பருக்குள் போட்டு போல்ட்டை அறைந்து மூடினால் அந்தக் கொக்கியே உடையலாம். ஒற்றைத் தோட்டாவாக இருந்தாலும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

மேகசினுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம், தூசி ஒட்டும். தோட்டாவில் எண்ணெய் படிந்தால் சுடும்போது போல்ட்டின் மேல் விழும் விசை கூடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரிவில்தான் சுரண்டல் தெரிகிறது என்றால், ஃபெல்ட் துணியும் மெருகுப் பசையும் கொண்டு, தோட்டா போகும் திசையிலேயே தேய்க்கலாம். சரிவின் கோணம் மாறக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அது தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளியின் வேலை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்