நஞ்சு மரம்

அன்புள்ள கதிரேசா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள். அவளுக்குப் பாடமாக வந்திருக்கும் வில்லியம் பிளேக்கின் 'நஞ்சு மரம்' கவிதையை நானும் கூட உட்கார்ந்து படித்தேன். உன்னிடம் அதைப் பேசியே ஆகவேண்டும்.

1794-இல் வந்தது. மொத்தம் 16 வரிகள்தான். நண்பன்மேல் கோபம் வந்தது, சொன்னேன், தீர்ந்தது. பகைவன்மேல் வந்தது, சொல்லவில்லை, வளர்ந்தது. இப்படித் தொடங்குகிறான் கவிதையில் பேசுகிறவன். பிறகு அந்தக் கோபத்துக்குக் காலையும் இரவும் கண்ணீர் விடுகிறான், புன்னகையால் வெயில் காட்டுகிறான். பளபளவென்று ஓர் ஆப்பிள் காய்க்கிறது. பகைவன் இருட்டில் தோட்டத்துக்குள் நுழைகிறான். விடிந்து பார்த்தால் மரத்தடியில் கிடக்கிறான்.

கோபம் மரம் மாதிரி என்று பிளேக் எங்குமே சொல்லவில்லை, கவனித்தாயா? தலைப்பை விட்டுவிட்டால், கடைசி வரி முடிகிற இடத்தில்தான் மரமே வருகிறது. அதுவரை நீர் விடுவதும் வளர்வதும் காய்ப்பதும்தான். ஆனாலும் இரண்டாம் பத்தியிலேயே நம் கண்ணுக்கு மரம் தெரிந்துவிடுகிறது. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த உருவக அணி இலக்கணம் எல்லாம் இதைப் படித்த பிறகுதான் எனக்கு உயிரோடு விளங்கியது.

என்னை உலுக்கியது அந்த வெயில்தான். அழுதழுது கோபம் வளர்வது எல்லோரும் அறிந்தது. சிரித்துச் சிரித்தும் வளரும் என்கிறார் இவர். எதிரியைப் பார்த்து இவன் இனிக்க இனிக்கப் பேசுகிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஓர் இலை விடுகிறது. கைப்பிரதியில் இதற்கு அவர் முதலில் வைத்திருந்த தலைப்பு 'கிறிஸ்தவப் பொறுமை'. ஊர் மெச்சுகிற பொறுமைக்குள் எது காய்த்துக்கொண்டிருக்கிறது என்று நேராகவே கேட்டிருக்கிறார்!

ஆதாமும் ஏவாளும் தின்ற ஏதேன் தோட்டத்துக் கனி உனக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே பகைவன் பழத்தைத் தின்றான் என்று ஒரு வரிகூட இல்லை. பிளேக் தாமே செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வண்ணம் தீட்டிய பக்கத்திலும், கைகளை விரித்தபடி மரத்தடியில் மல்லாந்து கிடக்கும் உடல்தான் இருக்கிறது.

பிணத்தைப் பார்த்து அவன் மகிழ்வதாக முடிகிறதே, அதைச் சின்னவளால் ஏற்கவே முடியவில்லை. கவிஞர் அவனைக் கண்டித்திருக்க வேண்டும் என்கிறாள். கண்டிக்காமல் விட்டதுதான் சரி என்பது என் கட்சி. நீ யார் பக்கம்? படித்துவிட்டு எழுது. பொங்கலுக்கு வந்தால் மூவரும் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
சிவராமன்