கிங் தெரு, 43-ஆம் எண்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படம் வந்தது. அதற்கப்புறம் மூன்று வாரமாகப் போன் இல்லை. வேலை இருக்கும், சரி.

படத்தைப் பார்த்ததுமே இடம் தெரிந்துவிட்டது. லண்டன், கோவென்ட் கார்டன், கிங் தெரு, 43-ஆம் எண். அட்மிரல் ரஸ்ஸலுக்காகக் கட்டி முந்நூறு வருஷம் தாண்டிய வீடு. 1891-இல் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற குத்துச்சண்டை கிளப் அங்கே வந்தது. 1909-இல் ஃப்ரெடி வெல்ஷ், பிரிட்டிஷ் சாம்பியனுக்குத் தரும் லான்ஸ்டேல் பெல்ட்டை முதல் ஆளாக ஜெயித்தது அங்கேதான். அந்தக் காலத்தில் மூன்று தடவை ஜெயித்தால் பெல்ட் ஜெயித்தவனுக்கே சொந்தம் என்று சொன்னால், ராத்திரி தூங்காமல் கேட்பாயே. அந்த வாசலில் என் பிள்ளை நிற்கிறான் என்று ராயபுரத்தில் காட்டாத ஆள் பாக்கியில்லை.

கறுப்புக் கண்ணாடி எதற்கு? அங்கே அவ்வளவு வெயிலா? தலைவலி இருந்தால் டாக்டரிடம் காட்டு. மாத்திரை போட்டுச் சமாளிக்காதே. தங்கச்சிக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த கிளப்பில் ரவுண்டு நடக்கும்போது பார்க்க வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. கைதட்டல்கூட மணி அடித்த பிறகுதான். 1897 டிசம்பரில் பாண்டம்வெயிட் என்ற எடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்கு அங்கே ஜிம்மி பாரியும் வால்டர் குரூட்டும் மோதினார்கள். 20-ஆவது ரவுண்டில் குரூட் விழுந்தார். பிழைக்கவில்லை. பெல்ட் கதையை நூறு தடவை சொன்ன நான், இதை உனக்குச் சொன்னதே இல்லை. சொன்னால் கிளவுஸைக் கழற்றிவிடுவாயோ என்று பயம்.

அன்று உன் சண்டையில், மூன்றாம் ரவுண்டில் உன் கண் நிலைகுத்தி நின்றதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னது பொய். துண்டு என் தோளில்தான் கிடந்தது. அதை ரிங்குக்குள் வீசியிருந்தால் சண்டை நின்றிருக்கும். வீசவில்லை. "விடாதடா, அடி" என்று கத்தினேன். என் குரலைக் கேட்டுத்தான் நீ மறுபடி உள்ளே போனாய். அதற்கப்புறம் அந்தத் துண்டை நான் தொடவில்லை. கொடியிலிருந்து அம்மாதான் எடுத்து மடித்து வைத்தாள்.

அங்கே மறுபடி கிளவுஸ் போடுகிறாயா இல்லையா, நான் கேட்கவில்லை. டாக்டரிடம் மட்டும் காட்டிவிடு. காட்டிவிட்டு, கண்ணாடி இல்லாமல் ஒரு படம் அனுப்பு. ராத்திரி எந்நேரமானாலும் சரி, போன் செய். தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பா