மணிக்கூடு வட்டமாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்தபடியே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் பழைய பயணப் படங்களைப் போல் வேறொன்றும் இல்லை. கொழும்பில் இது வெறும் பொழுதுபோக்கும் அல்ல. பிள்ளைகள் சூரிச்சிலும் பாரிஸிலும் இருக்க, முழங்கால் வலியாலோ விசா கிடைக்காததாலோ போக முடியாமல் இங்கேயே இருக்கும் பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களுடைய கைபேசிக்கு வட்ஸ்அப்பில் வந்து குவிவதோ '1900ஆம் ஆண்டுப் பாரிஸ், 4கே, இயற்கை வண்ணத்தில்' என்ற வகை வீடியோக்கள். வார மலர்களும் சில வேளை அவற்றையே எடுத்துப் போடுகின்றன. அது 1900இன் பாரிஸ் அல்ல.

அக்காலத்தில் கமராவைக் கையால் சுற்றிப் படம் பிடித்தார்கள். செக்கனுக்குப் பெரும்பாலும் 16 முதல் 18 படங்கள். இந்த வீடியோக்களில் இருப்பதோ 60. மிச்சம் நாற்பதுக்கு மேற்பட்டவற்றைக் கணினி ஊகித்து வரைந்திருக்கிறது. வண்ணமும் ஊகமே. அன்று புழக்கத்தில் இருந்த கறுப்பு வெள்ளைச் சுருள் சிவப்பு ஒளியை உணராது. சிவப்புப் பாவாடை கறுப்பாகப் பதியும், நீல வானம் வெளுத்துப் போகும். கறுப்பாகப் பதிந்த பாவாடை உண்மையில் சிவப்பா கறுப்பா என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. குதிரைக் குளம்புச் சத்தமும் பின்னால் சேர்த்ததுதான். உண்மை நிறத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு பிரெஞ்சு வங்கியாளர் ஆல்பேர் கான் 1909 முதல் 1931 வரை ஆட்களை அனுப்பி எடுப்பித்த 72,000 கண்ணாடித் தகட்டு வண்ணப் புகைப்படங்கள் இருக்கின்றன. அவை அசையாதவை. ஆனால் அவற்றில் ஒரு குடை சிவப்பாகத் தெரிந்தால், அந்தச் சிவப்பு அந்தக் குடையுடையதே.

இனிப் பார்க்கும் முறை. 1950களின் தொடக்கம் வரை வந்த படங்களின் சட்டம் ஏறக்குறைய 4க்கு 3. இன்றைய தொலைக்காட்சித் திரை 16க்கு 9. ஆகவே சரியாக ஓடும் படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழ வேண்டும். பட்டை பிடிக்காமல் பலர் ரிமோட்டில் திரையை நிரப்பிவிடுகிறார்கள். அப்போது ஆட்களின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 'சூம்' கொடுத்தாலோ உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும், தேவாலயக் கோபுரத்தின் நுனிதான் முதலில் போகும். படத்தில் ஒரு வண்டிச் சில்லோ மணிக்கூட்டு முகமோ நேராக வரும்போது நிறுத்திப் பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் பட அளவை '4:3' அல்லது 'ஒரிஜினல்' ஆக மாற்றுங்கள். அதன் பின்னும் முட்டையாகவே நின்றால் ஏற்றியவரே இழுத்துவிட்டார் என்று அர்த்தம். தரவிறக்கிய கோப்பென்றால் கணினியில் விஎல்சி செயலியைத் திறந்து 'ஏ' விசையைத் தட்டிக்கொண்டு போங்கள், வட்டம் வரும் இடத்தில் விட்டுவிடலாம்.

ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடுவது வேறு கோளாறு. செக்கனுக்கு 16 படங்களாக எடுத்ததை 24ஆக ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு. யூடியூப்பில் வேகத்தை 0.75 ஆக்கினால் 24 என்பது 18 ஆகிறது, நடை நடையாகிவிடும். பேசும் படத்துக்கு இதைச் செய்ய வேண்டாம். 1950களுக்குப் பிந்திய வண்ணப் படங்கள் பல சிவந்து போயிருப்பதற்குக் காரணம் அந்தச் சுருளின் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவது. ரிமோட்டால் அதைத் திருத்த முடியாது. வண்ணத்தை முழுவதும் இறக்கிக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதே கண்ணுக்கு இதம். தெளிவு 480 போதும், மணிக்கு அரை ஜிபி அளவில் டேட்டா முடியும்.

எங்கே தேடுவது? பழைய செய்திப் படங்களை வைத்திருக்கும் பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014இல் 85,000 படங்களை யூடியூப்பில் ஏற்றியது. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் உள்ள பிரெலிங்கர் தொகுப்பைத் தரவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். ஊரின் பெயரை அந்த நாட்டார் எழுதும் விதத்தில் கொடுங்கள்: வியன்னாவுக்கு வீன் (Wien), புளோரன்ஸுக்கு ஃபிரென்ஸே (Firenze). ஆங்கிலப் பெயருக்கு அகப்படாத உள்ளூர்ப் படங்கள் அப்போதுதான் மேலே வரும்.

தலைப்பில் போட்டிருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம், படமே சொல்லும். வெனிஸின் சென் மார்க் சதுக்கத்து மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 அன்று இடிந்து விழுந்து 1912இல்தான் திரும்ப எழுந்தது. கோபுரமில்லாத சதுக்கம் என்றால் அந்தப் பத்தாண்டுக்குள் எடுத்தது. ஈபிள் கோபுரத்தின் உச்சியில் தொலைக்காட்சிக் கம்பம் ஏறியது 1957இல். சுவீடனில் வாகனங்கள் நம் கொழும்பு–காலி வீதியைப் போல இடப்பக்கம் ஓடினால் அது 1967 செப்டெம்பர் 3க்கு முந்தியது, அன்று காலையில்தான் நாடு முழுவதும் வலப்பக்கம் மாறியது.

பத்து நிமிடப் படங்களைக் கண்டபடி பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்காரருக்குப் பொருத்தமானது பழைய கப்பல் வழி: ஏடன், சுயஸ், போர்ட் சயிட், நேப்பிள்ஸ். அங்கிருந்து ரயிலில் மிலான், பிறகு 1906இல் திறந்த சிம்ப்ளன் சுரங்கம், வெளியே வந்தால் சுவிஸ். ஃபுர்கா கணவாயில் ரோன் பனியாற்றின் பக்கத்தில் பெல்வெடேர் என்ற ஹோட்டல் நிற்கிறது. பழைய படங்களில் பனி அதன் அருகே வரை வந்து நிற்கும், இன்றைய படத்தில் பனியைத் தேட வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பிறகு ரைன் நதியோடு இறங்கினால் கொலோன். அங்கே தேவாலயத்துக்கு முன்னுள்ள பழைய ஹோஹென்சொல்லர்ன் பாலம் 1945 மார்ச் 6 அன்று தகர்க்கப்பட்டது, ஆகவே அது எந்தப் படத்தில் முழுதாக நிற்கிறதோ அந்தப் படம் அந்த நாளுக்கு முந்தியது. முடிவில் நெதர்லாந்தின் மார்க்கன். 1957இல் அணைவீதி போடும் வரை அது தீவு. படகில் போய் இறங்கும் படம் கிடைத்தால் விடாதீர்கள். வர்ணனைக்காரர் அந்த ஊர்ப் பிள்ளைகளைக் காட்சிப் பொருளாக்கிப் பேசுவார், சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பதே நல்லது. அந்தக் குரலும் இசையும் பெரும்பாலும் கலையகத்தில் பின்னால் சேர்த்தவை, இழப்பு ஒன்றுமில்லை.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். பழைய படம் எதையாவது வாசகருக்கு அறிமுகப்படுத்தும்போது, எடுத்த ஆண்டையும் அது இருக்கும் காப்பகத்தையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள்.

கடைசியாக, வீடுகளில் இருக்கும் கசெற்றுகள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவிலிருந்து உறவினர் எடுத்து அனுப்பிய வீடியோக்களும் இப்போது பழைய பயணப் படங்களே. எந்தக் காப்பகத்திலும் இல்லாத தெருக்கள் அவற்றில் உண்டு. பிரான்ஸிலிருந்து வந்த கசெற் நம் டெக்கில் கறுப்பு வெள்ளையாக ஓடினால் பழுது என்று வீசிவிடாதீர்கள். அங்கே இருந்த தொலைக்காட்சி வண்ண முறை சீகாம் (SECAM), இங்கே பால் (PAL). மல்ரி சிஸ்டம் டெக்கில் போட்டால் வண்ணம் வரும். கசெற்றின் சிறு ஜன்னலூடாகப் பார்க்கும்போது நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போடவே கூடாது. டெக்கில் நாடாவை வாசிக்கும் தலை கெடும், அடுத்த கசெற்றுக்கும் ஒட்டும். சிலிக்கா ஜெல்லோடு தனிப் பையில் இட்டு, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் முழுவதும் சுற்றிவிட்டு ஓட்டுங்கள். மேலே தவறிப் பதியாதிருக்க, முதுகில் உள்ள சிறு பிளாஸ்ரிக் தட்டை முதலில் உடைத்துவிடுங்கள். கடையில் மாற்றக் கொடுப்பதானால் 720க்கு 576, 4:3, செக்கனுக்கு 25 படங்கள் என்று எழுதியே கொடுங்கள். சொல்லாவிட்டால் 16:9 ஆக இழுத்துத் தருகிற கடைகள் உண்டு. மணிக்கு 3.6 ஜிபி அளவில் கேட்டால் தரம் குறையாது, மூன்று மணி நேரக் கசெற்றுகள் இரண்டு ஒரு 32 ஜிபி பென் டிரைவில் அடங்கும். டெக் தயாரித்த கடைசி நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டதால் இதைத் தள்ளிப்போட இடமில்லை. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கசெற்றின் முதுகிலும் ஊரையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள், அதைச் சொல்லத் தெரிந்த பெரியவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு.

இப்படிக்கு,
வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06