அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கொடுக்கில்லாத் தேனீக்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடுதான் எடுத்தேன். வீட்டுப் பின்கட்டில் பத்து வருடமாகப் பானையில் கொசுத்தேனீ வளர்க்கிறேன். என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, வாசித்துக் காட்டச் சொன்னான். நாலாவது பத்தி வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. பிரேசிலில் சில தேனீக்களுக்குக் கூடுதல் குரோமோசோம் இருக்கிறதாம், மனிதர்களில் டவுன் சிண்ட்ரோம் போல அதுவும் ஒரு பிறவிக் குறையாம். அந்தப் பத்தியைத் தாண்டி வாசித்தேன். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். வயது 38.

முதலில் விஷயமே தப்பு. டவுன் சிண்ட்ரோமில், எல்லோருக்கும் இரண்டாக இருக்கும் 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறது. தேனீயில் இருப்பது வேறு. அதற்கு 'பி குரோமோசோம்' என்று பெயர், வழக்கமான குரோமோசோம் எதனோடும் ஜோடி சேராத தனி ஆள். நீங்கள் பெயர் சொன்ன பார்ட்டமோனா ஹெல்லரி என்ற பிரேசில் தேனீயையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 34 குரோமோசோம். ஆண் கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அதற்கு 17. இதற்கு மேல் பி குரோமோசோம் சில தேனீக்களில் ஒன்றுகூடக் கிடையாது, சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் நான்கு, அதற்கு மேலும் உண்டு. இருக்கிறதும் இல்லாததும் ஒரே மாதிரி மண் குழைத்துக் கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டின் வாசலைப் பார்த்துத்தான் அந்த ஊர்க்காரர்கள் அதற்குத் 'தேரை வாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் விசோசா பல்கலைக்கழகத்தில், தேனீப் புழுவின் மூளை நரம்புத் திரளை எடுத்து இந்தக் குரோமோசோம்களை வருடக்கணக்காக எண்ணி வருகிறார்கள். அவ்வளவு பொறுமையான வேலையை ஒரே வரியில் 'குறை' என்று முடித்துவிட்டீர்களே.

கேடு செய்யும் கூடுதல் குரோமோசோமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. நாசோனியா என்ற ஒட்டுண்ணிக் குளவியில் ஒன்று இருக்கிறது. தகப்பனின் விந்தணு வழியாக முட்டைக்குள் போய், அந்தத் தகப்பன் கொடுத்த மற்றக் குரோமோசோம்களை எல்லாம் அழித்துவிடும். தகப்பன் பங்கு போய்விடுவதால், மகளாகப் பிறக்க வேண்டியது மகனாகப் பிறக்கும். தான் மட்டும் பிழைத்து அந்த மகனோடு போகும். இதை எழுதியிருந்தால் வாயைப் பிளந்து படித்திருப்போம். அதை விட்டுவிட்டு என் தம்பி மாதிரிப் பிள்ளைகளை எதற்கு உவமைக்கு இழுக்க வேண்டும்?

அவன் பிறந்த அன்று ஒரு டாக்டர் என் அம்மாவிடம், "இது தேறாது, அடுத்ததைப் பாருங்கள்" என்றார். இரண்டு பள்ளிக்கூடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கு எங்கள் வீட்டுப் பானைகளைப் பார்த்துக்கொள்வது அவன்தான். எறும்பு ஏறாமல் பானை வைத்த ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பான். பானை வாசலில் காவல் நிற்கும் தேனீக்கள் ஒருநாள் குறைந்தாலும் முதலில் அவன்தான் வந்து சொல்வான். எனக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை 'கொலைகாரத் தேனீ' பற்றி எழுதினீர்கள். 1957-இல் பிரேசிலில் தப்பிய ஆப்பிரிக்கத் தேனீக்களுக்காக, அவற்றைக் கொண்டுவந்த மரபியல் அறிஞர் வார்விக் கெர்ரை வில்லனாகக் காட்டினீர்கள். கொடுக்கில்லாத் தேனீக்களின் மரபியலுக்கு அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் உழைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே கடிதம் போட்டேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று விட்டுவிட்டேன். இந்த முறை விட மனம் வரவில்லை. கட்டுரைக்கு மேலே போட்டிருக்கும் படமும் கொட்டுகிற தேனீயின் படம். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும். நீங்கள் விவரம் தெரிந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். தேனீயின் கூடுதல் குரோமோசோமும் டவுன் சிண்ட்ரோமும் ஒன்றல்ல என்று இருந்தால் போதும். அப்புறம், படத்தையும் மாற்றுங்கள். எங்கள் பானை வாசலில் எடுத்த படங்கள் இருக்கின்றன, கேட்டால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்